வண்டி திரும்பும் இடம்

பின்வீட்டுக்குப் பதினோரு ஜன்னல். மூத்தவள் எண்ணிவிட்டாள். ஒரே நாளில் எண்ணியதில்லை. சுவர் எழும்ப எழும்ப, இடைவெளி விட்ட இடத்தையெல்லாம் தன் சமையலறையில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டாள். அவள் வீட்டுக்கு நான்கு. அதில் ஒன்று மழையில் மரம் உப்பி மூன்று வருடமாகத் திறப்பதில்லை.

பின்வீடு அவள் தங்கையுடையது. அப்பா சாவதற்கு முன் நிலத்தை இரண்டாகப் பிரித்து, சாலையோரத்துப் பாதியை மூத்தவளுக்கும் உள்பாதியை இளையவளுக்கும் எழுதிவைத்தார். உள்ளே போய்வரப் பதின்மூன்று அடி அகலத்தில் பாதை விட்டார். அன்றைக்கு முன்பாதி கிடைத்ததில் மூத்தவளுக்குச் சந்தோஷம். இளையவள் ஒரு மாதம் பேசவில்லை. இப்போது முன்பாதியில் இரண்டு அறையும் தகரக் கூரையும். பின்பாதியில் மாடி.

மூத்தவளின் கணவர் தீயணைப்பு வண்டி டிரைவர். கல்யாணமானபோது அந்தக் குடும்பத்தில் அவர்தான் பெரிய மாப்பிள்ளை, வயதிலும் மதிப்பிலும். காக்கிச் சட்டை, அரசாங்க வேலை. மாமனார் வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றே ஒன்று இருந்தது. அது அவருக்கு. இளையவளைக் கட்டியவர் அப்போது சைக்கிள் கேரியரில் டைல்ஸ் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பதித்துக்கொடுத்தவர். வந்தால் வாசற்படியில் உட்காருவார். இருபது வருடத்தில் சைக்கிள் போய் மினி லாரி வந்தது, கடை வந்தது, கடைக்குக் கண்ணாடிக் கதவு வந்தது. ஊரில் அவரை டைல்ஸ்காரர் என்றார்கள். டிரைவர் டிரைவராகவே இருந்தார். வண்டி மட்டும் ஒருமுறை மாறியது.

அந்தத் திங்கட்கிழமை ஸ்டேஷன் ஆபீசர் டேப்போடு வந்தார். நாலு மாதமாக மழை இல்லை. இரண்டு பக்கமும் சோளத்தட்டை காய்ந்து நின்றது. காற்று அடித்தால் தாள் கிழிகிற சத்தம். சாலையிலிருந்து நூற்றைம்பது அடிக்கு மேல் தள்ளிக் கட்டும் வீட்டுக்குத் தீயணைப்புத் துறையின் சான்று இல்லாமல் நிரந்தர மின்சாரம் கிடையாது. இது நூற்றெண்பது அடி. இளையவள் குடும்பம் இருந்த வாடகை வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். சான்று வந்தால் குடிவரலாம். வராவிட்டால் பதினோரு ஜன்னலையும் திறந்துவைத்துக்கொண்டு இருட்டில் உட்கார வேண்டியதுதான்.

ஆபீசர் பாதையை அளந்தார். பதின்மூன்று அடி. தலையாட்டினார். அண்ணாந்து பார்த்தார். மேலே கிளையோ கம்பியோ இல்லை. அதற்கும் தலையாட்டினார். வீட்டு முன்னால் இருந்த முற்றத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.

"இந்த ரெண்டு தூணும் படத்துல இல்லையே."

"அது போர்டிகோ சார்," என்றார் டைல்ஸ்காரர். "கடைசியில சேர்த்தது. கார் வெயில்ல காயுதுன்னு வீட்டுல சொன்னாங்க."

"உங்க காருக்கு நிழல் கிடைச்சுது. என் வண்டிக்கு இடம் போச்சு. படத்துல நாப்பத்தஞ்சு அடி. இங்க முப்பத்திமூணுதான் வருது."

"வண்டி உள்ள வந்தாப் போதாதா சார்? வந்து தண்ணி அடிச்சா அணைஞ்சிடுது. அப்புறம் மெதுவா ரிவர்ஸ்ல போகட்டும்."

"எவ்வளவு நேரம் தண்ணி அடிப்போம்னு நினைக்கிறீங்க?"

"ஒரு மணி நேரம் அடிக்க மாட்டீங்க?"

"பத்து நிமிஷம். முழுசாத் திறந்தா அதுவும் இல்ல. உடனே குளத்துக்கு ஓடி நிரப்பிட்டு வரணும். புகைக்குள்ள, தரை பூரா குழாய் கிடக்க, ஆளுங்க குறுக்க ஓட, நூத்தெண்பது அடி ரிவர்ஸ் எடுக்கச் சொல்றீங்க. அணைக்க வந்தவன் தன் ஆளையே ஏத்திட்டுப் போவான்."

டைல்ஸ்காரர் தூணைத் திரும்பிப் பார்த்தார். இளையவள் பேசினாள். "கிரானைட் ஒட்டி ஒரு வாரம்தான் சார் ஆகுது."

"அப்ப இன்னும் இறுகியிருக்காது. சுலபமா வந்துடும்," என்றார் ஆபீசர். பிறகு கொஞ்சம் இறங்கினார். "வியாழக்கிழமை வண்டியையே கொண்டுவர்றேன். முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு, மறுபடி முன்னால ஒண்ணு. மூணே அசைவு. அதுக்குள்ள திரும்பி முகம் ரோட்டைப் பார்த்து வெளிய வந்துட்டா கையெழுத்துப் போடறேன். வரலைன்னா தூண் போகணும்."

டைல்ஸ்காரர் முகம் தெளிந்தது. "அப்ப ஒரு உதவி சார். எங்க சகலையே ஓட்டட்டும். உங்க ஸ்டேஷன் டிரைவர்தானே."

"சொந்தக்காரர் ஓட்டினா நாளைக்கு யாராவது பேசமாட்டாங்களா?"

"பேசட்டும் சார். வண்டிக்குச் சொந்தம் தெரியுமா என்ன?"

ஆபீசர் யோசித்தார். வியாழக்கிழமை டூட்டியும் அந்த டிரைவருக்குத்தான். சரி என்றார்.

சமையலறையில் மூத்தவள் ஒரு வார்த்தை விடவில்லை. கேட்டுக்கொண்டே ஒரே பாத்திரத்தை மூன்று தடவை கழுவினாள்.

கட்டட வேலை தொடங்கிய நாளிலிருந்து அவளுக்கு எல்லாம் இரண்டு தடவை. கொடியில் காயப்போட்ட துணியில் டைல்ஸ் அறுக்கிற தூள் வெள்ளையாகப் படியும். மறுபடி அலசுவாள். அரிசி புடைத்தால் முறத்தில் தூள். மறுபடி புடைப்பாள். சாயங்காலம் வேலையாட்களுக்குத் தேநீர் கொண்டுபோவாள். தங்கை கேட்டதில்லை. இவளாகத்தான் கொண்டுபோனாள். டம்ளரைத் திரும்ப வாங்கும்வரை உள்ளே சுற்றலாம். எந்தக் கதவு எந்த மரம், எந்த அறையில் எத்தனை சுவிட்ச் என்று இளையவளைவிட இவளுக்குத் தெரியும். ஒருநாள் யாரும் இல்லாதபோது அந்தத் தூணில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். வெயிலிலும் குளிர்ச்சியாக இருந்தது. வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

மறுநாள் டிரைவர் பொழுது சாய வீட்டுக்கு வந்தார். ஸ்கூட்டரைப் பாதையோரம் நிறுத்தப் போனவர் நினைவு வந்து சுவரை ஒட்டி நெருக்கி நிறுத்தினார். டைல்ஸ் லோடு வரும்போதெல்லாம், "சகலை, வண்டியைக் கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா" என்று குரல் வரும். இருபத்திரண்டு வருடமாக, மணி அடித்தால் பஸ்ஸும் லாரியும் அவருக்கு ஒதுங்கின. சொந்த வாசலில் அவர் ஒதுங்கினார்.

சோறும் பருப்பும் பொரித்த முட்டையும் வைத்தாள். அவர் சாப்பிடத் தொடங்கும்வரை காத்திருந்தாள்.

"வியாழக்கிழமை நீங்கதானாமே."

"ம்."

"அவரே வாயைத் திறந்து உங்களைக் கேட்டாரு."

"ஆபீசர் சொன்னாரு."

"எதுக்குக் கேட்டாருன்னு யோசிச்சீங்களா?"

"நல்லா ஓட்டுவேன்னு கேட்டிருப்பாரு."

"நீங்க நல்லா ஓட்டறது இருபத்திரெண்டு வருஷமா எனக்குத் தெரியும். அவருக்கு இப்பத்தான் தெரிஞ்சுதா? கடை திறந்தப்ப உங்களை எங்க உட்கார வச்சாரு? சிமெண்ட் மூட்டை பக்கத்துல."

"அது எதுக்கு இப்ப."

"இடம் பத்துமா?"

அவர் முட்டையைப் பிய்த்தார். காலையிலேயே போய்க் காலடியால் அளந்து பார்த்திருந்தார். பார்க்காதவர் மாதிரி நடந்து பார்த்திருந்தார். "இழுத்துப் பிடிச்சா பத்தும்," என்றார்.

"யாரு இழுத்துப் பிடிச்சா?"

"நான்தான்."

"மத்தவங்க?"

அவர் பருப்பைச் சோற்றில் ஊற்றினார்.

"அப்ப பத்தாதுன்னுதானே அர்த்தம். பத்தாததைப் பத்தாதுன்னு காட்டறதுல என்ன பாவம்? லேசா ஒரு உரசு. கண்ணாடி பட்டாக்கூடப் போதும். வண்டி பெரிசு, தெரியாமப் பட்டுடுச்சுன்னா யாரு கேட்கப்போறா?"

"உனக்கு அந்தத் தூண் மேல என்ன கோபம்? அது உன்னை என்ன பண்ணுச்சு?"

"வழவழன்னு இருக்கு," என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. அவருக்கும் அது வழவழவென்றுதான் இருந்தது. அவள் வாயால் சொன்னாள். அவர் இத்தனை வருடம் தனக்கு இந்தப் புழுக்கமெல்லாம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். பொறாமை பெண்டாட்டியின் வேலை, தன் வேலை வண்டி ஓட்டுவது என்று பிரித்துவைத்திருந்தார். சோற்றைப் பிசையும்போது, உரசுவதற்குச் சரியான இடம் எது என்று கை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவது அசைவில். ரிவர்ஸில். இடது பக்கக் கண்ணாடி.

"பார்க்கலாம்," என்றார்.

மூத்தவள் இன்னொரு முட்டை பொரிக்கப் போனாள்.

புதன்கிழமை இளையவள் ஒரு அட்டைப்பெட்டியை இடுப்பில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். படியில் இறக்கி மூச்சு வாங்கினாள்.

"என்னடி இது?"

"டைல்ஸ்க்கா. மிச்சம் கிடந்தது. உங்க பாத்ரூமுக்குப் போட்டுக்கலாமேன்னு."

மூத்தவள் குனிந்து பார்த்தாள். "எத்தனை கலர்?"

"நாலு. கலந்து போட்டா இப்ப அதுதான் ஃபேஷன்."

"அப்ப உன் வீட்டுல ஏன் கலந்து போடல?"

"எங்க வீட்டுல அவரு விடலை. ஒரே மாதிரி இருந்தாத்தான் பெரிசாத் தெரியும்ங்கறாரு."

"பெரிய வீடு பெரிசாத் தெரியணும். எங்களுது எப்படித் தெரிஞ்சா என்ன."

"நான் அப்படியாக்கா சொன்னேன்?"

"நீ சொல்லலை. பெட்டி சொல்லுது. இதுல ரெண்டு உடைஞ்சிருக்கு."

"வர்ற வழியில உடைஞ்சிருக்கும்."

"ஆமாமா. நூத்தெண்பது அடி தூரம். வண்டி வச்சுல்ல கொண்டுவரணும்."

இளையவள் படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். அவளும் சும்மா இல்லை. நாலு மாதமாக வெயிலில் நின்று, செங்கல் எண்ணி, சுவருக்குத் தண்ணீர் விட்டு, முகம் கறுத்திருந்தது. "நாளைக்கு மாமா திருப்பிடுவாருல்ல?"

"அதுக்குத்தான் டைல்ஸா?"

"சே. வீட்டுக்காரம்மா வெள்ளை அடிக்க ஆள் கூட்டிட்டு வந்துட்டாக்கா. நாங்க உள்ள இருக்கும்போதே சுவத்தைச் சுரண்டறாங்க. சான்று வரலைன்னா சாமானை எங்க கொண்டுபோறது?"

"இங்க கொண்டாந்து வை. ரெண்டு ரூமும் சும்மாத்தானே கிடக்கு."

இளையவள் அக்காவை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு நாங்க குடிவர்றதே பிடிக்கல, இல்ல?"

"எனக்குப் பிடிச்சு என்ன ஆகப்போகுது. வீடு கட்டினது நீ. வண்டி ஓட்டறது அவரு. நான் யாரு நடுவுல?"

பெட்டி படியிலேயே கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

வியாழக்கிழமை காலை டிரைவர் ஸ்டேஷனில் வழக்கமான வேலைகளை முடித்தார். எஞ்சினைக் காதால் கேட்டார். டயரைக் கம்பியால் தட்டினார். பிரேக்குக்குக் காற்று ஏறும்வரை முள்ளைப் பார்த்து நின்றார். தொட்டி நிறையத் தண்ணீர் வேண்டும் என்று ஆபீசர் சொல்லியிருந்தார். காலி வண்டியில் ஓட்டிக்காட்டினால் அது வேடிக்கை, சோதனை இல்லை என்பது அவர் கட்சி. பக்கத்து இருக்கையில் இன்னொரு டிரைவர் ஏறினான். அவனை ஸ்டேஷனில் நத்தை என்பார்கள். நாற்பது வயது, இரண்டு பெண்பிள்ளைகள், இதுவரை வண்டியில் ஒரு கீறல் விழவிட்டதில்லை. தீக்குப் போகிற வண்டியை ஓட்டுபவனுக்கு அந்தப் பெயர் வைத்ததில் ஸ்டேஷனுக்கே ஒரு திருப்தி.

"அண்ணே, உங்க மச்சினிச்சி வீடாமே," என்றான். "சாப்பாடு உண்டா?"

"தூண் நிக்குதா விழுதான்னு பார்த்துட்டு அப்புறம் போடுவாங்க."

பாதையில் திரும்பும்போது தன் வீட்டைப் பார்த்தார். மூத்தவள் கதவில் சாய்ந்து நின்றாள். வண்டி கடப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

முற்றத்தில் கூட்டம். டைல்ஸ்காரர் கடையாட்களையும் கொத்தனாரையும் வரச்சொல்லியிருந்தார். அவரே முன்னால் வந்து, லாரி கிளீனர் மாதிரி இரண்டு கையையும் ஆட்டினார்.

"வாங்க, வாங்க சகலை. ரைட்ல ஒடிங்க. இன்னும். இன்னும் ஒடிங்க. நில்லுங்க, நில்லுங்க."

டிரைவருக்குக் காது சூடேறியது. இருபத்திரண்டு வருடத்தில் அவருக்கு ஒருவரும் கை காட்டியதில்லை.

கொத்தனார் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "நம்ம மினி லாரியே இங்க நாலு தடவை ஒடிச்சுத்தான் திரும்புது. இது நடக்கிற கதை இல்ல."

முதல் அசைவு. வண்டியின் மூக்கைச் சுற்றுச்சுவருக்கு ஒரு சாண் இருக்கும்வரை கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்டீயரிங்கை முழுக்கச் சுழற்றினார். கையை வெளியே நீட்டி இடது கண்ணாடியை மடக்கும்படி நத்தையிடம் சொன்னார். உரச வேண்டிய கண்ணாடியை அவரே மடக்கச் சொன்னதைச் சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தார்.

இரண்டாவது அசைவு. பின்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பூச்செடிக்கு ஒரு சுவர் கட்டியிருந்தார்கள். பின்சக்கரத்தை அதை ஒட்டி நிறுத்தினால் வண்டியின் வால் செடிகளுக்கு மேலே போய் நிற்கும். நான்கடி லாபம். தொட்டித் தண்ணீர் பின்னால் சாய்ந்து இடித்தது. கறுப்புத் தூண் கதவுக்குப் பக்கத்தில் வந்தது. பாலிஷில் வண்டியின் சிவப்பு தெரிந்தது, அவர் முகமும் தெரிந்தது. ஒரு விரல் திருப்பினால் போதும். ஆபீசருக்கும் தெரியாது, நத்தைக்கும் தெரியாது. மூத்தவளுக்கு மட்டும் தெரியும். 

வெளியே டைல்ஸ்காரர் கத்தினார். "போதும் போதும். இடிச்சிடுவீங்க சகலை."

விரல் திரும்பவில்லை. வண்டி தூணுக்கு நாலு விரல் தள்ளி நின்றது. மூன்றாவது அசைவில் முகம் சாலையைப் பார்த்தது. நேரே வந்து முற்றத்து வாயிலில் நிறுத்தி எஞ்சினை அணைத்தார்.

நத்தை தொண்டையைச் செருமி, "அண்ணே," என்றான். அவனிடமிருந்து அது பெரிய பாராட்டு. டிரைவருக்கு உடம்பெல்லாம் லேசாக இருந்தது.

டைல்ஸ்காரர் கொத்தனாரின் முதுகில் தட்டினார். "பார்த்தியாய்யா? முடியாதுன்னியே. இவ்வளவு பெரிய வண்டி மூணே அசைவுல திரும்புது. நம்ம முற்றத்துல இடம் தாராளமா இருக்கு."

"தாராளம்தாங்க," என்றார் கொத்தனார்.

டிரைவர் கேட்டுக்கொண்டிருந்தார். ஓட்டின கையைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. கடையாட்கள் தூணைச் சுற்றிவந்து கீறல் இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள். இளையவள் தூணைத் தடவிக்கொடுத்தாள். "நாளைக்குச் சாயங்காலம் வந்து சான்றை வாங்கிக்குங்க," என்றார் ஆபீசர்.

வெள்ளிக்கிழமை காலை டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தபோது மூத்தவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். தலை தூக்கவில்லை.

"திருப்பிட்டீங்க."

"ம்."

"நாலு விரல்ல நிறுத்தினீங்களாம். அவ வந்து சொல்லிட்டுப் போறா. 'மாமா கையில என்ன வித்தைக்கா'ன்னு. அப்புறம், 'நம்ம இடமும் அவ்வளவு இருக்கு'ன்னு."

"இடம் இல்ல. நான்தான் திருப்பினேன்."

"அதை எங்கிட்ட சொல்லி?"

அவர் சட்டையைக் கழற்றாமல் உட்கார்ந்தார். ஸ்டேஷனில் காலையில் நத்தை சொன்னது காதிலேயே இருந்தது. எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். நத்தை ரொட்டியை நனைத்துத் தின்றபடி சொன்னான். "அண்ணே, உங்க மச்சினிச்சிகிட்ட ஒண்ணு சொல்லிவைங்க. வீடு பத்திக்கிறதா இருந்தா உங்க டூட்டி பார்த்துப் பத்திக்கச் சொல்லுங்க. நான் வந்தேன்னா உள்ள போயிடுவேன். வெளிய வரமாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். டிரைவரும் சிரித்தார். மூன்று டிரைவர்கள். மூன்று நாளுக்கு ஒருநாள்தான் அவர் டூட்டி. மூன்றாவது டிரைவர் ஓய்வுபெறப் போகிறவர், இடது கண்ணில் புரை.

சோளத்தட்டை சத்தம் போட்டது. ஒரு பீடித் துண்டு போதும். அவர் எத்தனை பார்த்திருக்கிறார். காற்று இந்தப் பக்கம் அடித்தால் பின்வீட்டுக்கு வந்து சேர ஐந்து நிமிடம்.

"நான் ஸ்டேஷனுக்குப் போயிட்டு வர்றேன்," என்றார்.

"இப்பத்தானே வந்தீங்க."

"கையெழுத்துப் போடறதுக்குள்ள போகணும்."

மூத்தவள் துணியைப் பிழிவதை நிறுத்தினாள். ஈரக்கையோடு எழுந்து வந்து, ஸ்கூட்டர் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அவள் சாவி எடுத்துக் கொடுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை.

ஆபீசர் தாளை மேஜைமேல் வைத்திருந்தார்.

"ஐயா, அதுல போடாதீங்க."

"ஏன்?"

"நேத்து நான் கண்ணாடியை மடக்கினேன். வாலைச் செடி மேல விட்டேன். பழகின கைங்கறதால வந்துச்சு. வேற யார் வந்தாலும் மாட்டிக்குவாங்க."

ஆபீசர் பேனாவை மூடினார். "இதை நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா, பொறாமையில சொல்றான்பாங்க."

"இன்னிக்குச் சொன்னா என்ன சொல்லுவாங்க?"

"அதையேதான்."

ஆபீசர் தாளை மேஜை ஓரத்துக்குத் தள்ளினார். "நேத்து ஏன்யா திருப்பினே?"

டிரைவர் யோசித்தார். "சகலை கை காட்டினாரு," என்றார்.

ஆபீசர் வெளியே பார்த்து நத்தையைக் கூப்பிட்டார்.

அன்றைக்கு மத்தியானமே மறு சோதனை நடந்தது. டிரைவர் போகவில்லை. ஆனால் நூற்றெண்பது அடியில் எல்லாம் கேட்டது. ரிவர்ஸ் மணி அடித்தது, நின்றது, அடித்தது, நின்றது. மூத்தவள் சமையலறையில் நின்று எண்ணினாள். ஒன்பது. பிறகு கல்லில் இரும்பு தேய்கிற ஒரு சத்தம். நத்தையின் வாழ்க்கையில் முதல் கீறல்.

இளையவள் செருப்பில்லாமல் வந்தாள். பின்னாலேயே டைல்ஸ்காரர். அவர் பாதையிலேயே நின்றுவிட்டார். அவள் உள்ளே வந்தாள்.

"மாமா, நீங்க போய்ச் சொன்னீங்களா?"

"ஆமா."

"நேத்து நீங்கதானே திருப்பினீங்க."

"நான் திருப்பினேன். வண்டி திரும்பலை."

"எனக்குப் புரியலை. நேத்து இருந்த இடம் இன்னிக்கு எங்க போச்சு?"

"நேத்தும் இல்லம்மா. நான் இருக்கிற மாதிரி காட்டினேன். நாளைக்கு ராத்திரி பத்திக்கிச்சுன்னா இன்னிக்கு வந்தவன்தான் வருவான். ஒன்பது அசைவு. அதுக்குள்ள மாடி போயிடும்."

"வீடு பத்திக்கும் பத்திக்கும்னு பேசறீங்களே. அது உங்க வாயில எவ்வளவு ஆசையா வருது."

மூத்தவள் குறுக்கே வந்தாள். "ஏய், பார்த்துப் பேசு."

"நீ பேசாதக்கா. எல்லாம் உன் வேலை. டைல்ஸ் பெட்டியைப் பார்த்த பார்வையிலேயே தெரிஞ்சுது." திரும்பி டிரைவரைப் பார்த்தாள். குரல் இறங்கியிருந்தது. "பொறாமைதானே மாமா? சொல்லிடுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

டிரைவர் பாதையில் நின்ற சகலையைப் பார்த்தார். அவர் வாசற்படிக்கு வெளியே, பழைய சைக்கிள் காலத்தில் நிற்கிற மாதிரி, ஒரு காலைத் தூக்கி வைப்பதா வேண்டாமா என்று நின்றார். அப்படி அவரைப் பார்த்ததில் டிரைவருக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. அது தெரியாமல் இருக்க முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பொறாமை இருக்கும்மா," என்றார். "இடமும் இல்லை. ரெண்டும்தான்."

இளையவள் அழுதாள். சத்தமில்லாமல், நின்றபடி. டைல்ஸ்காரர் வெளியே நின்றே சொன்னார். "வா. ஆள் கூப்பிட்டாச்சு. இன்னிக்கே இடிச்சாத்தான் மாசக் கடைசிக்குள்ள வரலாம்." போகும்போது ஸ்கூட்டர் கண்ணாடியில் அவர் முழங்கை பட்டது. அதை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.

இடிக்க இரண்டு நாள் ஆனது. மூத்தவள் கதவைச் சாத்திவைத்தாள், தூசிக்கு என்று. ஒவ்வொரு சுத்தியல் சத்தத்துக்கும் அவள் கை வேலை கொஞ்சம் வேகமானது. இரண்டு நாளும் நல்ல பசி அவளுக்கு. கூரையைக் கீழே இறக்கினார்கள், தூணைப் பெயர்த்தார்கள், பள்ளத்தை மூடித் தண்ணீர் விட்டு இடித்து இறுக்கினார்கள். கிரானைட்டை முழுசாக எடுக்கப் பார்த்து முடியாமல் துண்டு துண்டாக லாரியில் ஏற்றினார்கள்.

செவ்வாய்க்கிழமை நத்தை மறுபடி வந்தான். கண்ணாடியை மடக்கவில்லை. செடிப் பக்கம் போகவே இல்லை. மெதுவாக, மிக மெதுவாக, மூன்று அசைவில் திரும்பி வெளியே போனான். ஆபீசர் அங்கேயே, வண்டியின் மூக்கில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

எல்லோரும் போன பிறகு மூத்தவள் பாதையில் நடந்து போனாள். டிரைவரும் பின்னால் போனார். தூண் இல்லாத வீட்டை முதல் முறையாக முற்றத்து வாயிலிருந்து நேராகப் பார்த்தார்கள். போர்டிகோவின் நிழல் இல்லை. இத்தனை நாள் அந்த நிழலுக்குள் கிடந்த வாசல் கதவு, அதன் இருபக்க ஜன்னல்கள், எல்லாவற்றிலும் வெயில் விழுந்தது. முன்னால் நாற்பத்தைந்து அடி முற்றம் வெறிச்சென்று விரிந்து கிடந்தது. சாலையில் போகிற பஸ்ஸிலிருந்து இரண்டு பேர் தலையை நீட்டி வீட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூத்தவள் கையை நெற்றியில் வைத்து மாடிவரை பார்த்தாள்.

"தூண் போனதும் இன்னும் பெரிசாத் தெரியுதுங்க," என்றாள்.

"ம்."

"உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரிஞ்சிருந்தா," என்றார் டிரைவர், "நான் ஏன் போய்ச் சொல்லப்போறேன்?"